இறங்காத கண்ணாடி

பொங்கலூரில் தன் வீட்டு வாசலில், காலை எட்டு மணிக்கு, சிவபிரகாஷ் காரின் இடப்பக்கப் பின்கதவுக் கண்ணாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடியின் உள்பக்கம் ஒரு உள்ளங்கை, வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை. அப்படியே அமுக்கிப் பிடித்து மேலே தூக்கினான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி சித்ராதேவி, சுவிட்சை விடாமல் இழுத்துப் பிடித்திருந்தாள். கதவை முழுசாகச் சாத்தினால் கண்ணாடி செத்த மாதிரி கிடக்கும். பாதி திறந்து வைத்தால் மட்டும் உள்ளே மோட்டாருக்குக் கொஞ்சம் உயிர் வரும். அந்த நேரம் பார்த்து இழுக்க வேண்டும்.

பத்து நிமிஷப் போராட்டத்துக்குப் பிறகு கண்ணாடி மேலே போய் உட்கார்ந்தது. சிவபிரகாஷ் கையைத் தட்டிக்கொண்டு, "ரிப்பேர் முடிஞ்சுது" என்றான்.

"இதுக்குப் பேரு ரிப்பேருங்களா? மறுபடி எறங்குமா?" என்று கேட்டாள் சித்ராதேவி.

"எதுக்கு எறங்கோணும்? ஏசி இருக்கையில ஜன்னலுக்கு என்ன வேலை?"

இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டால் எதிராளி வாயடைத்துப் போவார் என்பது அவன் நினைப்பு. சித்ராதேவி அப்படியெல்லாம் அடங்குகிற ஆளில்லை. வலப்பக்கப் பின்கண்ணாடியும் பத்து நாளாக மேலேயே நிற்கிறது என்பதை நினைவூட்டினாள். தன் போனில் மெக்கானிக் மாதவனைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, புருஷன் கையில் கொடுத்தாள்.

மாதவன் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். பல்லடம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறான். டாக்டர் நாடி பிடிக்கிற மாதிரி வரிசையாகக் கேட்டான்.

"மொதல்ல, டிரைவர் பக்கம் ஜன்னல் லாக் பட்டன் ஒண்ணு இருக்கும், அது அமுங்கியிருக்கா பாருங்கண்ணே."

"இல்லப்பா. முன்னாடி ரெண்டு கண்ணாடியும் நல்லா வேல செய்யுது."

"அப்ப பியூஸும் போயிருக்காது. சுவிட்ச அமுக்குனா உள்ள சத்தம் வருதா?"

"இடதுல ஒண்ணும் வர்றதில்ல. கதவப் பாதி தெறந்து வெச்சா மட்டும் வருது. வலதுல உர்ர்ருங்குது, ஆனா நகரமாட்டேங்குது."

"விளங்கிருச்சுண்ணே. இடதுல வயரு அத்துருக்கும். கதவுக்கும் பாடிக்கும் நடுவுல ரப்பர் குழாய் போகுதுல்ல, அதுக்குள்ளதான். வலதுல மோட்டார் நல்லாருக்கு, கண்ணாடி ஓடுற தடம் அடைச்சிருக்கு. ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க, சரி பண்ணிரலாம்."

"ஒரு நாளா!" சிவபிரகாஷ் அலறிவிட்டான். "ஷிப்மெண்ட் போகட்டும் மாதவா, அப்பறம் பாத்துக்கலாம்."

திருப்பூரில் இந்த ஒரு வார்த்தைக்குக் கட்டுப்படாத காரியம் கிடையாது. பல் வலியா, ஷிப்மெண்ட் போகட்டும். மச்சினன் வீட்டுச் சீரா, ஷிப்மெண்ட் போகட்டும். ஒரு ஷிப்மெண்ட் போவதற்குள் அடுத்தது வாசலில் வந்து நிற்கும். சிவபிரகாஷின் சின்ன பனியன் கம்பெனியில் நாற்பது மிஷின் ஓடுகிறது. அதில் ஒன்று பத்து நிமிஷம் நின்றால் தலையில் இடி விழுந்தவன் போலக் குதிப்பான். ஆனால் பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிப் போகிற கார் பத்து நாளாகப் பாதிக் கோளாறில் ஓடுவது அவனுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. போதாக்குறைக்கு அந்தக் காரை அவன் டெம்போ மாதிரிதான் நடத்தினான். வெட்டிய துணிக் கட்டுகளைப் பின்சீட்டில் திணித்து, கதவு சாத்தவில்லையென்றால் முழங்காலால் ஒரு மொத்து மொத்திச் சாத்துவான்.

"சரி, அத விடுங்க" என்றாள் சித்ராதேவி. "மத்தியானம் மாமாவ ஆசுபத்திரியில இருந்து கூட்டிட்டு வரோணும். நான் ரித்தீஷ் ஸ்கூல்ல மீட்டிங் போறேன். நீங்க நேரா ஊட்டுக்கு வந்துருங்க. வழியில எங்கியும் நிறுத்திப் போடாதீங்க, சொல்லிட்டேன்."

"நிறுத்த மாட்டேன், போதுமா?"

அவனுடைய அப்பா சென்னியப்பனுக்கு எழுபத்து மூன்று வயது. சாமளாபுரத்தில் நாற்பது வருஷம் தறி ஓட்டிய மனுஷர். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு அன்று காலையில்தான் ஆபரேஷன். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருந்தார்கள். அதில் இப்போதைக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரியும்.

மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு டாக்டர் சுப்புலட்சுமி சிவபிரகாஷைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துச் சொன்னார். "கண்ணுக் கட்டை நாளைக்குக் காலையில நான்தான் பிரிப்பேன். அது வரைக்கும் தண்ணி படக்கூடாது, வேர்வை எறங்கக்கூடாது, குனியக்கூடாது. குளிர்ச்சியா ஓரிடத்துல படுக்க வைங்க. கிருமி கண்டுச்சுன்னா பார்வையே போயிரும். புரியுதுங்களா?"

"புரியுதுங்க டாக்டர்" என்றான். நிஜமாகவே புரிந்துதான் சொன்னான்.

காரின் முன்சீட்டில், பனியனை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போக வேண்டிய சாம்பிள் பனியன்கள், வெள்ளை வெளேரென்று இரண்டு அட்டைப் பெட்டி நிறைய. பின்சீட்டின் வலப்பக்கம் காலர் துணிக் கட்டு ஒன்று கூரை வரைக்கும். மிச்சமிருந்த இடப்பக்க மூலையில் அப்பாவை உட்கார வைத்தான். சென்னியப்பன் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மடியில் கையை வைத்து, பஸ்ஸில் ஓரச் சீட்டுக் கிடைத்தவர் போல ஒடுங்கி உட்கார்ந்தார்.

அருள்புரம் தாண்டும்போது போன் வந்தது. காம்பாக்டிங் யூனிட் சூப்பர்வைசர் திருமூர்த்தி. பனியன் துணியை நீராவியில் காட்டி, சூடான உருளைகளுக்கு நடுவே அமுக்கி, சுருக்கம் போகச் செய்கிற இடம் அது. சிவபிரகாஷின் துணி அங்கே மிஷினில் ஏறியிருந்தது.

"ஏனுங்க, உங்க வானநீலம் ரெண்டு ரோல் ஒண்ணுக்கொண்ணு கலர் தட்டுதுங்க. வந்து பாத்துச் சொன்னீங்கன்னா ஓட்டீருவேன். இல்லீன்னா எறக்கி வெச்சுப் போடுவேன்."

யூனிட் போகிற வழியிலேயே இருந்தது. இறக்கி வைத்தால் மறுபடி ஏற்ற மூன்று நாளாகும். சிவபிரகாஷ் வண்டியை உள்ளே திருப்பினான். வளாகத்தின் கடைசியில் ஒரு கன்டெய்னர் லாரி நின்றது. அதன் நிழலில் காரை ஒட்டி நிறுத்தினான்.

"அப்பா, அஞ்சே நிமிசமுங்க. ஒரு துணியப் பாத்துட்டு ஓடியாந்தர்றேன்."

"போய்ட்டு வா கண்ணு. இந்த ஜன்னலச் சித்த எறக்கி உட்டுட்டுப் போ."

சுவிட்சை அமுக்கினான். இடதில் சத்தமே இல்லை. வலதில் உர்ரென்றது, அசையவில்லை. முன்கண்ணாடியை இறக்கலாம். இறக்கினால் அந்த இடத்தில் பறக்கிற பஞ்சுத் தூசி அத்தனையும் வெள்ளைச் சாம்பிள் மேல் படியும். இன்ஜினை ஓட விட்டு ஏசியைப் போட்டு வைக்கலாம். சாவியை விட்டுப் போனால் எவனாவது சாம்பிளோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டால்? இத்தனையும் அரை நிமிஷத்தில் யோசித்தான். சாம்பிளைப் பற்றி இவ்வளவு யோசித்தவன், அப்பாவைப் பற்றி யோசித்தது ஒன்றே ஒன்று. நிழல்தானே, குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்று. சாவியை உருவிக்கொண்டு இறங்கினான். கை தன் வழக்கப்படி ரிமோட்டை அமுக்கியது. கார் இரண்டு தரம் கீச்சிட்டுப் பூட்டிக்கொண்டது.

பின்கதவுகளில் சைல்டு லாக் போட்டிருந்தது. ஆறு வயசு ரித்தீஷ் ஒருநாள் காதர்பேட்டை நெரிசலில் ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிட்டதால் போட்டது. உள்ளே இருப்பவர் எவ்வளவு இழுத்தாலும் கதவு திறக்காது. அதுவும் அவனுக்கு அப்போது நினைவில் இல்லை.

உள்ளே திருமூர்த்தி இரண்டு ரோலையும் கலர் பார்க்கிற வெளிச்சப் பெட்டிக்குக் கீழே விரித்து வைத்திருந்தான். ஒன்று வானநீலம். இன்னொன்று, வானநீலத்துக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் எப்படியிருக்குமோ அப்படி. சிவபிரகாஷ் சாயப்பட்டறைக்குப் போன் போட்டான். யார் தப்பு என்று பட்டறைக்காரர் இவனைக் கேட்டார், இவன் பட்டறைக்காரரைக் கேட்டான். அதற்குள் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு போன். பேசிய பெண் இங்கிலீஷில் போட்டோ கேட்டாள். போட்டோ எடுத்தால் இரண்டும் ஒரே கலராகத் தெரிந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் எடுத்தான், விளக்கை அணைத்துவிட்டு எடுத்தான். சாவியும் போனும் கையில் மாறி மாறி இடைஞ்சல் செய்ததால், சாவியை மேசை மேல் வைத்தான். சுவர்க் கடிகாரம் அவன் தலைக்கு நேர் மேலேதான் இருந்தது. அண்ணாந்து பார்க்க அவனுக்கு ஒழியவில்லை.

கடைசியில் ஒரு ரோலை மட்டும் ஓட்டச் சொன்னான். மிஷின் பக்கம் போய் நின்றான். நீராவிப் பெட்டியின் மூடியைத் திருமூர்த்தி தூக்கியதும் ஒரு கொதி ஆவி வந்து சிவபிரகாஷின் முகத்தில் அறைந்தது. கண் எரிந்தது. மூச்சை இழுக்க முடியாமல் இரண்டு எட்டுப் பின்னால் போனான்.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. மணி பார்த்தான். உள்ளே வந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

"அய்யோ, எங்கப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினான். திருமூர்த்திக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் பின்னாலேயே ஓடினான்.

வெளியே வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. லாரியைக் காணோம். அது எப்போதோ கிளம்பிப் போயிருந்தது. வெட்டவெளியில் கார் மட்டும் தனியாக நின்றது. சிவபிரகாஷ் ஓடிப்போய்ப் பின்கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தான். சென்னியப்பன் தலையைச் சாய்த்துக் கிடந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கைத்துண்டைக் கண் கட்டுக்குக் கீழே அணை மாதிரி அழுத்திப் பிடித்திருந்தார். வேர்வை கண்ணுக்குள் போகாமல் அவரால் செய்ய முடிந்தது அதுதான்.

"அப்பா! அப்பா!"

சட்டைப் பையைத் தடவினான். பேன்ட் பையைத் தடவினான். சாவி இல்லை.

"சாவி! மேசை மேல! திருமூர்த்தி, ஓடு!"

திருமூர்த்தி திரும்பி ஓடினான். போய் வர எப்படியும் இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அது வரைக்கும் சிவபிரகாஷால் நிற்க முடியவில்லை. கீழே கிடந்த ஒரு கருங்கல்லை எடுத்துக் கையை ஓங்கினான்.

ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. டீக்கு வெளியே வந்திருந்த ரோஸ்மேரி. அந்த யூனிட்டில் துணி செக்கிங் பார்க்கிற பெண். தூத்துக்குடிப் பக்கம்.

"கல்லக் கீழ போடுங்க சார்! கண்ணுல கட்டுப் போட்டிருக்காவ, பாக்கலையா? கண்ணாடி செதறி அந்தக் கண்ணுல ஏறுனா என்ன செய்வீய?"

சிவபிரகாஷ் கையிலிருந்து கல் விழுந்தது. ரோஸ்மேரி அவனைத் தள்ளிவிட்டுக் கதவோரம் வந்தாள். கையிலிருந்த வளையலால் கண்ணாடியைத் தட்டினாள்.

"தாத்தா! ஏ தாத்தா! நான் பேசுதது கேக்குதா?"

சென்னியப்பன் தலை மெல்ல அசைந்தது.

"கேக்குது சார், நெனப்பு இருக்கு. தாத்தா, நான் தட்டுத எடத்துக்குக் கையக் கொண்டாங்க. சத்தம் வர்ற எடத்துக்கு."

கண்ணாடியின் கீழ் ஓரத்தில், கதவு விளிம்பை ஒட்டி, விடாமல் தட்டினாள். டக் டக் டக். உள்ளே அந்தக் கிழவரின் கை மடியிலிருந்து எழுந்தது. காற்றில் தடுமாறியது. கதவில் இறங்கி, கைப்பிடியைப் பிடித்து இழுத்தது. ஒன்றும் நடக்கவில்லை.

"அது இல்ல தாத்தா, அது வேல செய்யாது. இன்னும் மேல. சத்தம் எங்க வருதுன்னு பாத்து வாங்க."

சிவபிரகாஷ் கண்ணாடியில் வாயை ஒட்டினான். "இன்னும் மேலீங்கப்பா... பின்னால... அங்கதானுங்க..." என்று அழுதுகொண்டே சொன்னான். விரல்கள் கண்ணாடியைத் தொட்டன. வளையல் சத்தத்தைத் தேடி அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. குண்டூசித் தலை பெரிதான மாதிரி அங்கே நின்ற சின்னக் குமிழில் வந்து முட்டின.

"அதேதான்! பிடிச்சு மேல தூக்குங்க!"

ஒரு தரம் வழுக்கியது. வேர்வைக் கை. இரண்டாம் தரமும் வழுக்கியது. சென்னியப்பன் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார். டப்பென்று குமிழ் மேலே வந்தது. அந்தக் கணமே ரோஸ்மேரி வெளிக் கைப்பிடியை இழுத்தாள். கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்த அனல் நீராவிப் பெட்டியை விட மோசமாக இருந்தது.

சிவபிரகாஷ் அப்பாவை அப்படியே இரண்டு கையிலும் வாரி எடுத்தான். ஆபீஸ் அறையில் ஃபேனுக்குக் கீழே பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்தார்கள். ரோஸ்மேரி ஒரு கழிவுப் பனியன் துணியை நனைத்துப் பிழிந்து, கண் கட்டில் ஈரம் படாமல், பிடரியிலும் நெஞ்சிலும் ஒற்றினாள். ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்த திருமூர்த்தி அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான்.

ஐந்தாறு வாய் உள்ளே போன பிறகு சென்னியப்பன் உதட்டை நனைத்துக்கொண்டு பேசினார்.

"உன்ர வேல முடிஞ்சுதா கண்ணு?"

சிவபிரகாஷ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஏனுங்கப்பா, கதவத் தட்டிச் சத்தம் போட்டிருக்கலாமில்லீங்க?"

"ரெண்டு தட்டுத் தட்டுனேன். அப்பறம், நீ அங்க பெரிய ஆளுகளோட பேசிட்டிருப்ப, இந்தக் கெழவன் என்னடா தொந்தரவு பண்றான்னு இருக்குமேன்னு உட்டுட்டேன்."

அப்பாவின் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிவபிரகாஷ் தேம்பித் தேம்பி அழுதான். சுற்றி நின்ற பத்துப் பேர் முன்னாலும் அவனுக்கு வெட்கமாக இல்லை. உயிர் இருக்கிறது, பேசுகிறார், தன்னைக் கண்ணு என்று கூப்பிடுகிறார். அது போதும் என்று இருந்தது.

ரோஸ்மேரி துணியை மறுபடி நனைத்துக்கொண்டே சொன்னாள். "அந்தச் சைல்டு லாக்கு உள்ள இருக்க கைப்பிடியத்தான் தடுக்கும் சார். குமிழத் தூக்கிட்டா வெளிய இருந்து தொறந்திரலாம். எங்க வீட்டுக்காரர் கம்பெனி வேன் ஓட்டுதாவ, அவியதான் சொல்லித் தந்தாவ. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீய. உள்ள மிஷின்ல துணி ரெண்டு நிமிசம் கூட நின்னா கருகிரும்னு எத்தன தரம் எட்டி எட்டிப் பாக்குதோம். பெத்த அப்பாவ வெயில்ல பூட்டி வச்சிட்டு ஒரு தரம் எட்டிப் பாக்கத் தோணலியா ஒங்களுக்கு?"

கோபித்துக்கொள்ள அவனிடம் என்ன இருந்தது? கையெடுத்துக் கும்பிட்டான். அவள் அதைப் பார்த்தும் பார்க்காதவள் போலத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

எல்லாக் கதவையும் திறந்து போட்டு, ஏசி குளிர்ந்த பிறகு, அப்பாவை ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் கூட்டிப் போனான். இந்தத் தடவை சாம்பிள் பெட்டிகள் திருமூர்த்தியின் ஆபீஸில் கிடந்தன. சென்னியப்பன் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் சுப்புலட்சுமி புருவத்தைச் சுருக்கினார். "ரெண்டு மணிக்குத்தானே அனுப்பினேன்? என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்கம்மா" என்று முந்திக்கொண்டார் சென்னியப்பன். "வெயில்ல நாந்தான் சித்த நேரம் நின்னுட்டனுங்க."

சிவபிரகாஷுக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. அப்பாவே ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கிறார், பேசாமல் அதன் வழியாகப் போய்விடலாம். தலையை நிமிர்த்தி, "இல்லீங்க டாக்டர், அவரு நிக்கல" என்றான். "நான்தான் காருக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு என்ர வேலையப் பாக்கப் போயிட்டேன். நாப்பது நிமிசம்."

டாக்டர் அவரை உள்ளே கூட்டிப் போய்க் கட்டைப் பிரித்துப் பார்த்தார். பத்து நிமிஷம் ஆனது. வெளி பெஞ்சில் சிவபிரகாஷ் தன் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, ஊரில் உள்ள முருகன் கோயில் அத்தனைக்கும் நேர்ந்துகொண்டான். விஷயம் கேட்டு ஓடி வந்த சித்ராதேவி பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை. அவன் கோத்த கை மேல் தன் கையை வைத்தாள்.

கதவு திறந்தது. "கண்ணுக்கு ஒண்ணும் ஆகல" என்றார் டாக்டர். "துண்ட வெச்சு அழுத்தி வேர்வைய உள்ள விடாம பாத்துக்கிட்டாரு. உடம்புல தண்ணி வத்தியிருக்கு, டிரிப்ஸ் ஏத்துறேன். சாயங்காலம் கூட்டிட்டுப் போலாம்." பிறகு சிவபிரகாஷை மட்டும் பார்த்துச் சொன்னார். "இன்னும் ஒரு கால் மணி நேரம் போயிருந்தா நீங்க வந்திருக்க வேண்டியது என்கிட்ட இல்ல."

சித்ராதேவி அப்போதுதான் பெரிதாக மூச்சு விட்டாள். மறுநாள் காலையில் கட்டை எடுத்தபோது சென்னியப்பன் முதலில் பார்த்தது மருமகளை. "என்ன சாமி, உன்ர புடவை பச்சையா? நான் இத்தன நாளா இதச் சாம்பல்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அவர்களை வீட்டில் விட்டுவிட்டு, சிவபிரகாஷ் நேராக மாதவன் பட்டறைக்குப் போனான். "இன்னைக்குப் பூரா வண்டி உன்னுது. நானும் இங்கயேதான் இருக்கப் போறேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

மாதவன் இடப்பக்கக் கதவை முழுசாகத் திறந்து, பாடியையும் கதவையும் இணைக்கிற ரப்பர் குழாயை உருவினான். உள்ளே ஐந்தாறு வயர். இரண்டு அறுந்து நுனி கறுத்திருந்தது. "பாத்தீங்களாண்ணே, கதவு பாதி தெறந்திருந்தா இந்த ரெண்டு நுனியும் ஒண்ணை ஒண்ணு தொடும். மூடுனா பிரிஞ்சிரும். மூட்டைய வச்சு முட்டி முட்டிச் சாத்துனா வயரு என்ன பண்ணும்?" அறுந்ததை ஒட்டுப் போட்டு, டேப் சுற்றி, குழாயைத் திரும்ப மாட்டினான். சுவிட்சை அமுக்கினான். கண்ணாடி ஒரு சிணுங்கலும் இல்லாமல் இறங்கியது.

வலப்பக்கம்தான் வேடிக்கை. கதவின் உள்பலகையைக் கழற்றி, கண்ணாடி ஓடுகிற ரப்பர் தடத்தில் குறடை விட்டு இழுத்தான். பஞ்சு வந்தது. வந்துகொண்டே இருந்தது. மேலாக வானநீலம், அதற்குக் கீழே சிவப்பு, அதற்குக் கீழே கருநீலம், அடியில் ஒரு மஞ்சள். சிவபிரகாஷ் மூன்று வருஷமாகத் தைத்து அனுப்பிய ஆர்டர் அத்தனையும் மெத்தை மாதிரி அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தது.

"ஏண்ணே, இதுல ஒரு தலகாணி தச்சுரலாம் போல" என்றான் மாதவன்.

சிவபிரகாஷ் சிரித்தான். நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அந்தச் சிரிப்பில்தான் இறங்கியது. தடத்தைத் துடைத்து, சிலிக்கோன் ஸ்பிரே அடித்து, பலகையை மாட்டினார்கள். அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து நாலு கண்ணாடியையும் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, பட்டறைப் பையன்கள் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு விளையாடினான். மொத்தம் மூன்று மணி நேர வேலை. இதற்குத்தான் பத்து நாள் போக்குக் காட்டியிருந்தான்.

கிளம்பப் போகும்போது ஒரு வெள்ளைக் கார் வந்து வாசலில் நின்றது. முப்பது வயசுக்காரர் ஒருவர் இறங்கினார். காதில் போன். பின்சீட்டில் ஒரு வயசான அம்மா உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷர் மாதவனை நோக்கி நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், தோளுக்குப் பின்னால் ரிமோட்டை அமுக்கினார். கார் கீச்சிட்டது.

சிவபிரகாஷ் குறுக்கே போய் நின்றான். "தம்பி, உள்ள அம்மா இருக்கறாங்க."

"இருக்கட்டுங்க. முழங்கால் வலி, ஏறி எறங்கச் சிரமம். பிரேக் சத்தம் வருது, கேட்டுட்டு உடனே போயிருவேன்."

"எறக்கிக் கூட்டிட்டு வந்து இந்த ஸ்டூல்ல உக்கார வைங்க. நானே கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்."

அவருக்கு முகம் மாறியது. "ஏனுங்க, உங்களுக்கு இதுல என்னங்க?"

ரோட்டோரம், நடு வெயிலில், முன்பின் தெரியாத ஆளிடம் சிவபிரகாஷ் மறைக்காமல் சொன்னான்.

"நேத்து எங்கப்பாவ இதே மாதிரி வெச்சுப் பூட்டிட்டுப் போனேனுங்க. கண்ணு ஆபரேஷன் பண்ணுன மனுசன். யாரோ ஒரு புண்ணியவதி பாத்ததால பொழச்சாரு. நான் கெட்டவன் இல்லீங்க, அப்பா மேல உசுரு வெச்சிருக்கறவன்தான். ஆனா வேலைன்னு உள்ள போனா அது நம்மள இழுத்துக்கும், வெளிய ஒரு உசுரு காத்திருக்கறது மறந்தே போகும். வயசானவங்க நமக்குத் தொந்தரவா இருக்கக்கூடாதுன்னு சத்தம் போடாம இருப்பாங்க. சின்னக் கொழந்தைக்குச் சத்தம் போடவே தெரியாது. அதனால எவ்வளவு அவசரமா இருந்தாலும், வண்டிய விட்டு எறங்குனா கூட இருக்கறவங்களையும் எறக்கிட்டுத்தான் பூட்டோணும். எறக்க நேரமில்லீன்னா, எறங்கவே வேண்டாமுங்க. அந்த வேல நாளைக்கும் கெடைக்கும். அம்மா கெடைக்க மாட்டாங்க."

அந்த மனுஷர் காதிலிருந்து போனை எடுத்தார். காரிடம் திரும்பிப் போய், பின்கதவைத் திறந்து, குனிந்து, அம்மாவின் கையைப் பிடித்தார்.